குழி கட்டும் கைக்கே அட்டை வேண்டும்

1977 கலவரத்துக்குப் பின் மலைநாட்டிலிருந்து வன்னிக்குப் போன எமது உறவுகள் பலர் இன்றும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் கிணற்றுத் தண்ணீரையே குடிக்கிறார்கள். யுத்தம் முடிந்த பின் இந்திய உதவியில் 50,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. வடக்கு, கிழக்குக்கு 46,000, தோட்டப்புறங்களுக்கு 4,000. வடக்கு, கிழக்கில் காசு பெரும்பாலும் குடும்பத்தின் கையிலேயே கொடுக்கப்பட்டது. மேசனையும் அவர்களே பிடித்தார்கள். வீடு எழும்பிய இடமெல்லாம் மலசலகூடக் குழியும் வந்தது.

குழி என்பது வெறும் பள்ளம் அல்ல. முதல் தொட்டியில் கழிவு அடியில் படிய வேண்டும். தெளிந்த நீர் மட்டும் ஊறல் குழிக்குப் போய் மண்ணில் வடிய வேண்டும். ஊறல் குழியின் அடி, நிலத்தடி நீருக்கு மேலே இருக்க வேண்டும். வன்னியில் கோடையில் வெட்டும்போது காய்ந்து கிடக்கும் குழி, கார்த்திகை மாரியில் நீரில் மூழ்கலாம். தொட்டிக்கு அடித்தளம் போடாவிட்டாலோ, கிணற்றுக்கு 50 அடி தூரம் விடாவிட்டாலோ, கழிவு குடத்துக்கே திரும்பி வரும். வயிற்றோட்டம், செங்கண்மாரி, நெருப்புக்காய்ச்சல் எல்லாம் அந்த வழியில்தான் வருகின்றன.

குழி எப்படி அமைய வேண்டும் என்று எஸ்.எல்.எஸ். 745 என்ற இலங்கைத் தரம் சொல்கிறது. வரைபடத்தைப் பிரதேச சபை பார்க்கிறது, பி.எச்.ஐ. பார்க்கிறார். ஆனால் கட்டுகிறவருக்கு அந்த வேலை தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. மண் மூடிய பின் பிழை கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் கூலிக்கு இந்த வேலையைச் செய்ய முடியாது. இங்கும் அப்படி ஒரு விதி வேண்டும் என்பதே எமது கருத்து.

ஆனால் அந்த விதி யாருடைய வயிற்றில் அடிக்கும்? வன்னியில் குழி வெட்டுவதும் கல் கட்டுவதும் நாட்கூலிக்குப் போகும் எமது பிள்ளைகள்தான். கட்டணம் பெரிதாகவும் படிவம் தெரியாத மொழியிலும் இருந்தால், பத்திரம் கொந்தராத்துக்காரரின் சுவரில் தொங்கும். குழிக்குள் இறங்குவது அதே பழைய கை, அதே பழைய கூலி.

இதற்கு வழி இருக்கிறது. பள்ளிச் சான்றிதழ் இல்லாதவரின் அனுபவத்தையும் சோதித்துத் தேசிய தொழில் தகைமை வழங்கும் முறை நடைமுறையில் உள்ளது. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டம் கைவினைஞருக்கு அடையாள அட்டை வழங்க இடமளிக்கிறது.

எனவே எமது கோரிக்கைகள் இவை. சோதனை தமிழிலும், வேலைத்தளத்திலும் நடக்க வேண்டும். கட்டணத்தை அரசு ஏற்க வேண்டும். அட்டை தொழிலாளியின் பெயரிலேயே இருக்க வேண்டும். மண் மூடுமுன் பி.எச்.ஐ. வந்து பார்க்க வேண்டும். பிழை நேர்ந்தால் பொறுப்பு கொந்தராத்துக்காரருக்கே, நாட்கூலிக்கு அல்ல.

இது வன்னிக்கு மட்டுமான பேச்சு அல்ல. தோட்டத்திலும் லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போகிறோம். மேல் வீட்டுக் குழியின் கீழேதான் அடுத்த வீட்டின் பீலி இருக்கிறது. அடுத்த மாவட்டக் கூட்டத்தில் தலைவர்மார் இதைப் பேச்சுக்கு எடுக்க வேண்டும்.