ஒரே மனிதர், இரண்டு கோப்புகள்

சேலம்–ஏற்காடு பிரதான மலைப்பாதை மண்சரிவால் அடைபட்டால், குப்பனூர் வழிதான் மாற்றுப்பாதை. அதன் வளைவொன்றில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபடுகிறவரை அரசு நன்றாகவே எழுத்தில் பதிந்துகொள்கிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் பெயர் ஏறும். தகவல் காவல் நிலையத்துக்குப் போகும். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஊனத்தின் சதவீதம்கூடக் கணக்கிடப்படும். சில ஆண்டுகள் கழித்து அவரே ஓர் அடிதடி வழக்கில் கைதானால், அந்தத் தாள்களைத் தேடி எடுக்கும் கடமை யாருக்கும் இல்லை. பாதிக்கப்பட்டவராக இருந்தபோது அரசுக்குத் தெரிந்த மூளைக்காயம், குற்றம் சாட்டப்பட்டதும் காணாமல் போகிறது. இவ்விரு கோப்புகளும் ரிமாண்ட் நாளிலேயே ஒன்றுசேர வேண்டும் என்கிறோம்.

மூளைக்காயம் என்றதும் வழக்கறிஞர்கள் பழைய இ.பி.கோ. 84-ஐ, அதாவது இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவைத்தான் நினைக்கிறார்கள். அது குறுகிய வாசல். செயலின் தன்மையையோ, அது தவறு என்பதையோ அறிய முடியாதிருந்தவருக்கு மட்டுமே திறக்கும். மூளையின் முன்பகுதி சேதமடைந்தவருக்குத் தவறு எதுவென்று பெரும்பாலும் தெரியும். எழும் கோபத்தை நிறுத்தத்தான் முடியாது. ஆகவே அந்த வாதம் தோற்கும்; காயத்தைப் பற்றிய பேச்சும் அதோடு முடிந்துவிடும். காயம் அவரை உண்மையில் வீழ்த்துவதோ அன்றாட நடைமுறையில். கேள்வி புரியாமலே ‘ஆமாம்’ என்பார். சொன்னதை மாற்றிச் சொல்வார். வாய்தா தேதியை மறப்பார்; மறந்தால் பிடிவாரண்ட். பிணையில் வந்தவர் ஆஜராகாததே அதே நியாய சன்ஹிதாவின் 269-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைக்குரிய தனிக்குற்றம். தக்க காரணம் இருந்தது என்று மெய்ப்பிக்கும் சுமையும் அவருடையதே. நினைவு குலைந்தவர்மேல் அந்தச் சுமையை ஏற்றுவது கொடுமை.

நடிப்பார்கள் என்பது முதல் ஆட்சேபம். குற்றத்துக்குப் பல ஆண்டுகள் முந்தைய விபத்துப் பதிவேட்டையும் சி.டி. ஸ்கேனையும் யாரும் நடித்து உண்டாக்க முடியாது. அடிபட்ட எல்லோரையும் ஆபத்தானவர்கள் என்று முத்திரை குத்திவிடுவோமோ என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். 2011-இல் வெளியான சுவீடன் ஆய்வில், மூளைக்காயத்துக்குப் பின் வன்முறைக் குற்றம் புரிந்தோர் 8.8 சதவீதம், பொதுமக்களில் 3. காயம்படாத உடன்பிறந்தோருடன் ஒப்பிட்டபோது இடைவெளி சுருங்கியது, மறையவில்லை. குடும்பச் சூழலுக்கும் பங்குண்டு என்று பொருள். நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் அப்பக்கமே போகவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. சிறைக்குள் கணக்கு வேறு. 2010-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி கைதிகளில் சுமார் 60 சதவீதத்தினர் தலையில் அடிபட்டவர்கள். அதனால்தான் தலைக்காயம் பற்றிச் சிறைவாசலில் கேட்கச் சொல்கிறோம். அடிதடியில் அடிவாங்கியவரின் நியாயம் இதனால் குறையாது. விசாரணையைப் புரிந்துகொண்டு பதில் சொல்பவர்தான் அவருக்கும் பொறுப்பேற்க முடியும்.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவு, கைதானவுடன் மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்குகிறது. அப்போதே, முன்பு தலையில் அடிபட்டு நினைவு தப்பியதுண்டா என்று கேட்டு எழுதிவிடலாம். தமிழ்நாட்டுச் சிறையில் இருந்த மாற்றுத்திறனாளி ஒருவரின் வழக்கில், சிறைக்கு வரும்போதே ஊனத்தைக் கண்டறிய வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகை ஊனங்களில் மூளைக்காயம் தனிப்பெயராக இல்லை; கண்ணுக்குத் தெரியாத இந்த ஊனம் அங்கும் நழுவக்கூடும். சட்ட உதவி வழக்கறிஞர்கள் பிணை மனுவோடு விபத்துப் பதிவேட்டின் நகலை இணைக்கட்டும். வாய்தா தேதியை வீட்டார் ஒருவருக்கும் தெரிவிக்கும்படி நீதிமன்றத்திடம் கேட்கட்டும். மருத்துவர்கள் வீட்டுக்கு அனுப்பும் நாளில் தரும் சுருக்கத்தில், தையல் ஆறியதோடு மறதியும் கோபமும் எந்த அளவில் இருக்கின்றன என்று இரண்டு வரி சேர்க்கட்டும்.