கெட்டி ஸ்பிரிங் என்னும் கட்டுக்கதை

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கியவருக்கு வந்து குவியும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "காரைக் கீழே இறக்கு, ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கு. வளைவில் தண்டவாளத்தில் போகிற மாதிரி போகும்." கையில் காசு அதிகம் இல்லையென்றால், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக வரும் மலிவான காயில்ஓவர் செட் ஒன்றை வாங்கி மாட்டச் சொல்வார்கள். அதற்கும் வழியில்லாதவரிடம், இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை அறுத்துவிடச் சொல்பவர்களும் உண்டு.

இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இத்தனை காலமாக நிலைத்து நிற்கிறது. ஆனால் அளவான பணத்தில் காரின் ஹேண்ட்லிங்கை உயர்த்த நினைப்பவர், இதை நம்பினால் முதல் செலவையே தவறான இடத்தில் செய்துவிடுவார். எப்படி என்று பார்க்க ஓர் உதாரணக் கார் வேண்டும். மாஸ்டா எம்எக்ஸ்-5 அதற்குப் பொருத்தமானது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான வண்டி. ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, 1.6 லிட்டர் எஞ்சின், நான்கு சக்கரங்களிலும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். 2016இல் பத்து லட்சமாவது கார் தயாரானது. இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்பட்டதில்லை. ஆனால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஜப்பானிலும் சொந்தச் செலவில் சஸ்பென்ஷனில் கைவைக்க விரும்புகிறவர்கள் முதலில் தேடுவது பெரும்பாலும் இந்தக் காரைத்தான். வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"தாழ்ந்த கார் நன்றாகத் திரும்பும்"

ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் நல்லது என்பதில் சந்தேகமில்லை. எவ்வளவு நல்லது என்பதுதான் கேள்வி. வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களின் சுமையில் ஒரு பகுதி வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது. அந்த அளவைத் தீர்மானிப்பவை நான்கே: காரின் எடை, பக்கவாட்டு விசை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம்.

960 கிலோ எடை, 46 செ.மீ. ஈர்ப்பு மைய உயரம், 141 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டு, 0.9 ஜி விசையில் திருப்பினால் சுமார் 282 கிலோ சுமை வெளிப்பக்கம் போகும். காரை 25 மி.மீ. தாழ்த்திவிட்டு அதே கணக்கைப் போட்டால் 267 கிலோ. லாபம் 15 கிலோ, அதாவது ஐந்து சதவீதத்தை ஒட்டி.

இனி நஷ்டம். சக்கரம் மேலே ஏறுவதற்கு இருந்த இடத்தில் அதே 25 மி.மீ. போய்விட்டது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் அந்த இடம் முன்பே குறைவு. தாழ்த்திய காரில் வளைவின் நடுவே ஒரு மேடு வந்தால் சஸ்பென்ஷன் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் முட்டும். முட்டிய கணத்தில் ஸ்பிரிங் பல மடங்கு கெட்டியானதுபோல் ஆகிவிடும், அந்தச் சக்கரத்தின் பிடிமானம் சட்டென்று விழும். பின்சக்கரத்தில் இது நடந்தால் காரின் வால் சுழலும்.

முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள கார்களில் கதை இன்னும் மோசம். அதிகம் தாழ்த்தினால் லோயர் ஆர்ம் வெளிமுனை உயர்ந்து, உள்முனை தாழ்ந்து சாய்ந்துவிடும். அதன் பிறகு சஸ்பென்ஷன் அமுங்க அமுங்கச் சக்கரத்தின் தலை வெளிப்புறம் சாயத் தொடங்கும். காரின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், அதே ஸ்பிரிங்குகளோடு தாழ்த்திய கார் முன்னைவிட அதிகமாகவே சாயலாம்!

"சாயாத கார்தான் வேகமான கார்"

மேலே சொன்ன நான்கு காரணிகளில் ஸ்பிரிங் இல்லை என்பதைக் கவனியுங்கள். கெட்டியான ஸ்பிரிங் போட்டால் காரின் உடல் குறைவாகச் சாயும். ஆனால் வெளிப்பக்கம் போகும் மொத்தச் சுமை ஏறக்குறைய அப்படியே இருக்கும். கண்ணுக்குத் தெரியும் சாய்வு குறைந்ததைப் பார்த்து டயரின் பாரம் குறைந்துவிட்டது என்று நினைப்பதுதான் இந்த நம்பிக்கையின் வேர்.

கெட்டியாக்குவது எதையும் மாற்றுவதில்லையா? மாற்றுகிறது. அந்தச் சுமையில் முன் அச்சு எவ்வளவு தாங்கும், பின் அச்சு எவ்வளவு தாங்கும் என்ற பங்கீட்டை மாற்றுகிறது. டயருக்கு ஒரு குணம் உண்டு: சுமை இரட்டித்தால் பிடிமானம் இரட்டிக்காது. ஆகவே எந்த அச்சில் சுமை அதிகமாக ஒருபக்கம் ஒதுங்குகிறதோ, அந்த அச்சின் மொத்தப் பிடிமானம் குறையும். முன்பக்கத்தை மட்டும் கெட்டியாக்கினால் கார் வளைவில் நேராக ஓடப் பார்க்கும். பின்பக்கத்தை மட்டும் கெட்டியாக்கினால் வால் முந்தப் பார்க்கும். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள பின்சக்கர இயக்கக் காரில், வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்பக்கப் பின்சக்கரம் வீணாகச் சுழலவும் செய்யும்.

இந்தப் பங்கீட்டைச் சரிசெய்ய மலிவான வழி, ஓர் அச்சின் இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பார். அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுவது. 19 மி.மீ. கம்பியை எடுத்துவிட்டு 22 மி.மீ. திடக் கம்பி போட்டால் விறைப்பு ஏறத்தாழ 80 சதவீதம் உயரும். நேர்சாலையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து மேடு ஏறும்போது அந்தக் கம்பி குறுக்கே நிற்காது. அதே அளவு சாய்வைக் குறைக்க நான்கு ஸ்பிரிங்கையும் மாற்றுவதைவிட இது மிதமான வைத்தியம்.

சாய்வைப் பற்றி மாஸ்டாவே என்ன நினைக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. 2015இல் விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5 வளைவில் வெளிப்படையாகவே சாயும். 2022ஆம் ஆண்டு மாடலில் அந்தச் சாய்வைக் கட்டுப்படுத்த ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஸ்பிரிங்கைத் தொடவில்லை. வேகமான வளைவில் உள்பக்கப் பின்சக்கரத்துக்கு மிக மெல்லிய பிரேக் கொடுத்து, காரின் பின்பகுதி எழும்பாமல் கீழே பிடித்துவைக்கும் மென்பொருள் அது. கெட்டி ஸ்பிரிங்தான் விடை என்றால் இவ்வளவு சுற்றிவளைக்க அவர்களுக்கு அவசியமே இல்லை.

"ஸ்பிரிங்கை மாற்று, ஷாக் அப்சார்பர் அப்படியே இருக்கட்டும்"

ஸ்பிரிங் சக்தியைச் சேர்த்துவைக்கும், திருப்பித் தரும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு கெட்டியாக்கினால், ஆட்டத்தைப் பழைய அளவில் அடக்க ஷாக் அப்சார்பரின் தடுப்பு சுமார் 40 சதவீதம் கூட வேண்டும். புதிதாக இருந்தபோதே பழைய ஸ்பிரிங்குக்காக அளவிடப்பட்ட ஷாக், இப்போது ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடித் தளர்ந்திருக்கிறது. அதன் மேல் கெட்டி ஸ்பிரிங்கை ஏற்றினால் சக்கரம் மேட்டைத் தாண்டியதும் தரையில் நிலைக்காமல் துள்ளும். தரையைத் தொடாத டயர் காரைத் திருப்பாது.

ஸ்பிரிங்கை அறுப்பது இதைவிடக் கீழான யோசனை. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால் விறைப்பு 20 சதவீதம் கூடும், நீளமும் குறையும். ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஸ்பிரிங் இருக்கையைவிட்டு நகர்ந்துவிடலாம், ஓடும்போது பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கினாலும் அதே ஆபத்து. காஸ் வெல்டிங் சூட்டில் அமுக்கித் தாழ்த்தினாலோ எஃகின் பதமே கெட்டுவிடும்.

"மலிவான காயில்ஓவரில் எல்லாவற்றையும் அட்ஜஸ்ட் செய்யலாம்"

பெட்டியில் அச்சிட்டிருப்பது, தடுப்பைக் கூட்டிக் குறைக்க முப்பத்திரண்டு கிளிக். ஆனால் திருகைத் திருப்பும்போது உள்ளே என்ன மாறுகிறது என்பது பெட்டியில் இருக்காது. அமுங்கும் தடுப்பும் விரியும் தடுப்பும் ஒரே திருகில் சேர்ந்து மாறுகிற அமைப்பில், ஒன்றைத் திருத்தப் போய் மற்றொன்றைக் கெடுக்க நேரும். ஷாக் அப்சார்பரின் தரம் உள்ளே இருக்கும் வால்வில், சீலில், எண்ணெயில் இருக்கிறது. விலையைக் குறைக்கும்போது முதலில் அடிபடுவதும் அவைதான். நான்கு ஷாக்குகளும் ஒரே கிளிக்கில் ஒரே அளவு தடுக்குமா என்பதை டைனமோமீட்டரில் போட்டுப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அந்தச் சோதனையின் வரைபடத்தை மலிவு செட்டோடு பெரும்பாலும் தருவதில்லை.

அதே பணத்துக்கு, அட்ஜஸ்ட்மென்ட் எதுவுமில்லாத நல்ல ஷாக் அப்சார்பர் நான்கு வாங்கலாம். எம்எக்ஸ்-5இன் சில பதிப்புகள் தொழிற்சாலையிலிருந்தே பில்ஸ்டைன் ஷாக்கோடு வந்தன. அவற்றைப் பழைய பொருள் விலைக்குத் தேடி எடுப்பவர்கள் உண்டு. இரண்டாம் தலைமுறைக் காரின் மேல் மவுண்டை அதற்கேற்ற ஷாக்கோடு முதல் தலைமுறைக்கு மாட்டி, சக்கரம் ஏறும் இடத்தைக் கொஞ்சம் மீட்டெடுப்பவர்களும் உண்டு. பார்வைக்கு எந்தக் கவர்ச்சியும் இல்லாத இந்த வேலை, தாழ்த்துவதற்கு நேர் எதிரான திசையில் காரை நல்லதாக்குகிறது.

"பந்தயக் கார்கள் கல் மாதிரி கெட்டியாகத்தானே இருக்கின்றன?"

இதுதான் கெட்டி ஸ்பிரிங்கை ஆதரிப்பவர்கள் கையிலுள்ள வலுவான வாதம். ஃபார்முலா ஒன் கார் ஏன் கெட்டி? காற்று அதைக் கீழே அமுக்குகிறது. வேகம் ஏற ஏறக் கூடும் அந்தச் சுமையைத் தாங்கவும், அடித்தளத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி மாறாமல் காக்கவும் கெட்டி ஸ்பிரிங் தேவை. 1978இல் லோட்டஸ் 79 அடித்தளத்துக் காற்றால் காரை உறிஞ்சிப் பிடிக்கும் முறையை வெற்றிகரமாக்கிய பின், சில ஆண்டுகளில் கார்கள் சஸ்பென்ஷனே இல்லாதவைபோல் ஆயின. அந்த முறையைத் தடுக்க 1983இல் தட்டையான அடித்தளம் கட்டாயமானது. மணிக்கு 80 கிலோமீட்டரில் மலைப்பாதையில் போகும் சிறிய ஸ்போர்ட்ஸ் காரில் காற்றின் அமுக்கம் பேச்சுக்கே இடமில்லாதது.

பந்தயத்துக்குள்ளேயே எதிர்ச்சான்று வேண்டுமா? சரளைக்கல் பாதையில் ஓடும் ராலி காரைப் பாருங்கள். உயரமான நிற்பு, நீண்ட சஸ்பென்ஷன் ஏற்ற இறக்கம். தரை எப்படியோ, ஸ்பிரிங் அப்படி. அந்த லோட்டஸ் 79ஐ உருவாக்கிய நிறுவனத்தின் காலின் சாப்மன்தான், 1962இல் சாலைக்காகச் செய்த இலான் காரில் மென்மையான ஸ்பிரிங்கும் நன்கு அடக்கும் ஷாக்கும் வைத்தார். ஹேண்ட்லிங்குக்கு அந்தக் கார் இன்றும் உரைகல். எம்எக்ஸ்-5 செய்தவர்களுக்கு முன்மாதிரிகளில் ஒன்றும் அதுவே.

"அலைன்மென்ட் என்பது டயர் தேயாமல் இருக்கத்தான்"

குறைந்த காசுக்கு அதிகப் பலன் தருவது எதுவோ, அதைத்தான் இந்தக் கூற்று டயர் கடை வேலை என்று ஒதுக்குகிறது. எம்எக்ஸ்-5இல் லோயர் ஆர்மின் கேம் போல்ட்டைத் திருப்பியே முன்பக்கம் கேம்பரையும் (சக்கரத்தின் தலை உள்ளே வெளியே சாயும் கோணம்) காஸ்டரையும் (ஸ்டீயரிங் அச்சு முன்பின் சாயும் கோணம்), பின்பக்கம் கேம்பரையும் டோவையும் (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) மாற்றலாம். புதுப் பாகம் எதுவும் வாங்க வேண்டாம். முன்னால் 1 டிகிரி, பின்னால் 1.5 டிகிரியை ஒட்டி நெகட்டிவ் கேம்பர், முன்சக்கரங்கள் நேராக, பின்சக்கரங்கள் இம்மியளவு உள்நோக்கி என்று வைத்தால், கார் சாயும்போது வெளிப்பக்க டயர் தரையில் சமமாகப் படியும். ஸ்டீயரிங் திருப்பிய உடன் முன்பகுதி கேட்கும். முப்பது வருடத் துருவில் அந்த போல்ட் இறுகிப்போயிருந்தால் அதை அசைக்கும் கூலிதான் பெரிய செலவு.

எங்கே அவர்கள் சொல்வது சரி

சமதளமான டிராக்கில், நல்ல பிடிமானமுள்ள டயரோடு ஓட்டுபவருக்குத் தொழிற்சாலை ஸ்பிரிங் போதாது. டயரின் பிடி கூடக் கூடச் சாய்வும் கூடும், சஸ்பென்ஷன் பம்ப் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்துவிடும். இடது வலதாகச் சட்டுச்சட்டென்று திருப்ப வேண்டிய இடங்களில் கெட்டியான கார் சீக்கிரம் நிலைக்கு வருவதும் உண்மை. கேம்பரை வேகமாக இழக்கும் ஸ்ட்ரட் கார்களில் சாய்வைக் குறைப்பதே டயரைக் காப்பாற்றும் வழியாக இருக்கலாம். இவற்றில் எதையும் மறுக்கவில்லை. இத்தனையும் டயர், ஷாக், அலைன்மென்ட் சரியாக இருக்கும் காருக்குப் பொருந்துபவை. அந்த நிலைக்கு வராத காரில் கெட்டி ஸ்பிரிங் குறைகளை மறைக்கிறது, சில நேரம் பெரிதாக்குகிறது.

ஆகவே செலவின் வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் டயர்: பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் இறுகிப்போன டயரை எந்த சஸ்பென்ஷனும் காப்பாற்றாது. அடுத்து வெடித்த புஷ், ஆடும் பால் ஜாயின்ட், தளர்ந்த டை ராட் எண்டு. பிறகு ஷாக் அப்சார்பர். அதன் பின் அலைன்மென்ட். முன்பின் சமநிலை பிடிக்கவில்லையென்றால் ஆன்டி-ரோல் பார். இவ்வளவுக்கும் பிறகு பணமும் தேவையும் மிஞ்சினால் ஸ்பிரிங், அதுவும் ஷாக்குக்குப் பொருத்தமான அளவில்.

கெட்டியான காரில் உட்கார்ந்தவருக்கு ஒவ்வொரு அதிர்வும் வேகமாகத் தோன்றும். அந்தத் தோற்றம்தான் இத்தனை காயில்ஓவர் செட்டுகளை விற்றுத் தந்திருக்கிறது. சோதிக்க விரும்புபவர், நடுவில் மேடுள்ள ஒரு வளைவில் மிதமான வேகத்தில் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கட்டும். கார் கோட்டைவிட்டு விலகாமல் போனால் பணம் சரியான இடத்துக்குப் போயிருக்கிறது. பக்கவாட்டில் தாவினால், எவ்வளவு தாழ்வாக, எவ்வளவு அழகாக நின்றாலும், காசு கொடுத்து ஹேண்ட்லிங்கைக் கெடுத்துக்கொண்டோம் என்றே பொருள்.