நெல்லின் பூஞ்சை நோய்களுக்குத் தாவரக் கரைசல்: எங்கள் நிலைப்பாடு

காவிரிப் பாசனத்தில் சம்பாவும் தாளடியும் போடும் உழவர்களின் கூட்டமைப்பு எங்களுடையது. யூரியா மூட்டையைக் கையால் தொடாதவர்களும் எங்களில் உண்டு. டிரைசைக்ளசோல் என்ற ரசாயனப் பூஞ்சைக்கொல்லி அடிக்காமல் ஒரு சம்பாவும் கரையேறியதில்லை என்பவர்களும் உண்டு. மார்கழிப் பனி இறங்கியதும் இரு தரப்பும் மல்லுக்கு நிற்பது வழக்கம். பலமுறை கூடிப் பேசி நாங்கள் எடுத்த முடிவு இது: நோய் வருமுன் அடிக்கும் தடுப்பாகத் தாவரக் கரைசல்களை ஆதரிக்கிறோம். பயிரைப் பிடித்துவிட்ட குலைநோய்க்கு அவற்றையே மருந்தென்று சொல்வதையும் விற்பதையும் எதிர்க்கிறோம்.

காரணம் பூஞ்சையின் வேலைமுறையிலேயே இருக்கிறது. குலைநோயின் வித்து பனி ஈரத்தில் இலைமேல் ஒட்டி முளைக்கிறது. முளையின் நுனி ஒரு சிறு குமிழாகப் பருத்து, காரின் டயரில் இருப்பதைப்போல நாற்பது மடங்கு அழுத்தத்தைத் தனக்குள் திரட்டி, இலையின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடுகிறது. கண்வடிவப் புள்ளி நம் கண்ணில் படும்போது அது குடியேறி நாலைந்து நாள் ஆகியிருக்கும். வேப்பங்கொட்டைக் கரைசலோ இலைச்சாறோ பெரும்பாலும் இலையின் மேற்பரப்பில்தான் நிற்கும். உள்ளே போனதைத் துரத்திப் பிடிக்காது. கதிரின் கழுத்தில் குலைநோய் விழுந்த வயலில் கரைசலோடு நிற்பவர் ஏமாறுவது கரைசலின் குற்றமல்ல, காலம் தப்பியதன் குற்றம். ஆந்திரா பொன்னி போன்ற எளிதில் நோய் பிடிக்கும் ரகத்தைப் போட்டு, தழைச்சத்தையும் அள்ளிக் கொட்டிவிட்டு, எந்தக் கரைசலையும் நொந்துகொள்வதில் நியாயமில்லை.

ஆய்வுக்கூட முடிவுகளைக் காட்டி விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கண்ணாடித் தட்டில் பூஞ்சையின் உணவோடு சாற்றைக் கலந்து வளர்த்தால், பூண்டு முதல் துளசி வரை பல செடிகள் பூஞ்சையின் வளர்ச்சியைக் குறைக்கத்தான் செய்கின்றன. அந்தத் தட்டில் வெயில் இல்லை, மழை இல்லை, நெல் இலையின் மெழுகுப் பூச்சும் இல்லை. வயலில் இவை மூன்றும் உண்டு. வேம்பின் வீரியப் பொருளான அசாடிராக்டின் சில நாள் வெயிலிலேயே சிதைந்துவிடும்.

பயன்படும் இடத்தையும் சொல்லவேண்டும். இலையுறை அழுகல் நோய்க்கு 5 சத வேப்பங்கொட்டைக் கரைசல் அல்லது 3 சத வேப்ப எண்ணெயைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது: கண்ணாடி இலை வரும்போது ஒருமுறை, 15 நாள் கழித்து மறுமுறை. கதிர் உறைக்குள்ளேயே சிக்கி அழுகுவதை இதனால் குறைக்க முடியும். கரைசலுக்கு 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு. இடித்து இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, சோப்புக் கரைசல் சேர்த்து, அன்றைக்கே மாலை வெயில் தாழ்ந்தபின் அடிக்கவேண்டும். சோப்புச் சேர்க்காத வேப்ப எண்ணெய் நீரில் கலக்காமல் மிதந்து, விழுந்த இடத்தில் இலையைக் கருக்கும்.

ஆனால் கொட்டை சரியில்லையென்றால் இத்தனையும் வீண். ஆனி, ஆடியில் பொறுக்கியதை நன்றாகக் காயவைத்து, மூன்று மாதத்துக்கு மேல், எட்டு மாதத்துக்குள் பயன்படுத்தவேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சையை அடக்கவேண்டிய கொட்டைமேலேயே பூஞ்சை பூத்துவிடும். இதைவிட வேடிக்கை வேறு வேண்டுமா?

செடியிலிருந்து வந்ததெல்லாம் தீங்கற்றது என்ற பேச்சையும் நாங்கள் ஏற்கவில்லை. ஊமத்தையும் புகையிலையும் நஞ்சு. வெறுங்கையால் இவற்றின் சாற்றைப் பிழிவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். கையுறை இன்றி இவற்றைத் தயாரிக்கக் கூடாது. கீரைமேல் அடிக்கவே கூடாது.

மறுபக்கம், இதெல்லாம் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்குபவர்களுக்கு 1994-ஐ நினைவூட்டுகிறோம். வேப்ப எண்ணெயால் பயிரின் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் அந்த ஆண்டு ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. சூழலியல் செயற்பாட்டாளர் வந்தனா சிவாவும் பிறரும் வழக்காடியபின் 2000-இல் அது ரத்தானது. மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடியானது. ஒன்றுக்கும் உதவாததற்கு யாரும் இத்தனை ஆண்டு வழக்கு நடத்துவதில்லை.

அரசிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. ஊர்தோறும் வேப்பங்கொட்டை கொள்முதலும் காயவைக்கக் களமும் வேண்டும். இயற்கை மருந்து என்ற பெயரில் வரும் புட்டிகளில் தயாரித்த தேதியும் அசாடிராக்டின் அளவும் இல்லாவிட்டால் கடையில் வைக்க விடக் கூடாது. பலன் தராத வயல் சோதனைகளையும் ஆய்வு நிலையங்கள் வெளியிடவேண்டும். யாரையும் கட்டாயப்படுத்தவும் வேண்டாம்: 2021-இல் இலங்கை அரசு ரசாயன உரத்தையும் மருந்தையும் ஒரேயடியாகத் தடுத்து, அதே ஆண்டு பின்வாங்குவதற்குள் உழவர் பட்ட பாடு போதும்.

எங்கள் பங்குக்கு, வரும் சம்பாவில் கரைசல் அடிக்கும் ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு பாத்தியை அடிக்காமல் விடுவார். இரண்டிலும் கண்ட மகசூலைச் சங்கத்தின் பதிவேட்டில் எழுதுவோம். கரைசல் தோற்ற வயலும் அதில் இருக்கும். பதிவேட்டை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.