பக்கத்து டிவிசன் வேலைக்குப் போனால்

மியன்மாரில் இராணுவம் ஆட்சியைப் பறித்தது 2021 பெப்ரவரி 1ஆம் திகதி. மூன்று மாதம் ஆகுமுன், ஏப்ரல் 24இல், தென்கிழக்காசிய நாடுகளின் அமைப்பான ஆசியானின் தலைவர்கள் ஜகார்த்தாவில் கூடி ஐந்து அம்ச இணக்கப்பாடு ஒன்றை அறிவித்தார்கள். வன்முறை நிற்க வேண்டும், எல்லாத் தரப்பும் பேச வேண்டும், விசேட தூதர் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும், நிவாரணம் போய்ச் சேர வேண்டும், தூதர் நேரில் போய் எல்லாரையும் சந்திக்க வேண்டும். ஆட்சியைப் பறித்த ஜெனரல் மின் ஆங் ஹ்லைங்கும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். ஊர் திரும்பியதும், நாட்டில் நிலைமை சீரான பிறகு இதையெல்லாம் கவனிக்கலாம் என்றது அவருடைய அரசு. அரசியல் கைதிகளை விடுவிக்க வேண்டும் என்பது அந்த ஐந்தில் இல்லை. அந்த நாட்டின் முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்களின் பெயரும் இல்லை.

அதன்பிறகு தலைமை நாடு மாறியது, தூதரும் மாறினார். புருனை, கம்போடியா, இந்தோனேசியா, லாவோஸ், மலேசியா என்று ஆண்டுக்கு ஒருவர். 2021 ஒக்டோபரில் மின் ஆங் ஹ்லைங்கை உச்சி மாநாட்டுக்கு அழைக்காமல் விட்டது ஆசியான்; அந்த அமைப்பின் பழக்கத்துக்கு அது பெரிய துணிச்சல். ஆனால் மூன்றே மாதத்தில் கம்போடியப் பிரதமர் ஹுன் சென் தானே மியன்மார் தலைநகர் நேபிடோவுக்குப் போய் அவரைச் சந்தித்துவிட்டு வந்தார். ஆட்சி பறிக்கப்பட்ட ஆங் சான் சூ கியின் கட்சி 2023இல் கலைக்கப்பட்டது. அந்தக் கட்சி இல்லாமலே 2025 டிசம்பர் 28இல் கட்டம் கட்டமாகத் தேர்தலும் தொடங்கியது.

ஒற்றுமை உடைந்தால் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்துத் தொழிற்சங்கக்காரருக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை. மேல் டிவிசனில் வேலைநிறுத்தம். கீழ் டிவிசன் கூடையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறது. கொழுந்து ஃபெக்டரிக்கு வந்துகொண்டே இருக்கிறது. துரைக்கு என்ன கவலை?

மியன்மார் விவகாரத்தில் இதற்குக் கணக்கே இருக்கிறது. ஐ.நா. விசேட அறிக்கையாளர் டொம் அன்ட்ரூஸ் 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கைப்படி, ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அந்த இராணுவம் குறைந்தது 100 கோடி டொலர் பெறுமதியான ஆயுதங்களும் தளபாடங்களும் இறக்குமதி செய்திருந்தது. ரஷ்யாவிலிருந்து 40 கோடி டொலருக்கு மேல், சீனாவிலிருந்து 26 கோடிக்கு மேல். இவை எதிர்பார்க்கக்கூடியவை. சிங்கப்பூரில் இயங்கும் நிறுவனங்கள் வழியாக 25 கோடிக்கு மேல் போயிருந்ததுதான் பலரைத் திடுக்கிட வைத்தது. இந்தியாவிலிருந்தும் சுமார் 5 கோடி.

சிங்கப்பூர் அரசு விசாரணை தொடங்கியது. அடுத்த ஆண்டு அறிக்கையில், சிங்கப்பூர் வழியான கொள்வனவு 11 கோடி டொலரிலிருந்து ஒரு கோடி அளவுக்கு விழுந்திருந்தது. ஒரு சின்ன நாடு மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதே காலத்தில் தாய்லாந்து வங்கிகள் வழியான கொள்வனவு 6 கோடியிலிருந்து 13 கோடியை நெருங்கியது. இரண்டும் ஆசியான் நாடுகள், இரண்டும் அந்த ஐந்து அம்சங்களுக்கு உடன்பட்டவை. அமெரிக்காவும் பிரித்தானியாவும் கனடாவும் ஒரே நாளில் தடைகளை அறிவித்ததுண்டு. அதனால் பயன் இல்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் வாங்குகிறவருக்கு வங்கி பக்கத்து நாட்டிலேயே திறந்திருக்கிறது.

கொழும்பும் இதில் வேடிக்கை பார்க்கும் ஆள் அல்ல. வங்காள விரிகுடா நாடுகள் ஏழு சேர்ந்த பிம்ஸ்டெக் அமைப்பில் மியன்மாரும் உண்டு, நாமும் உண்டு. 2021இல் அதன் தலைமை நம்மிடம் இருந்தது. தெருவில் சனங்கள் சுடப்பட்டுக்கொண்டிருந்த அந்த மார்ச் மாதத்தில், இராணுவம் நியமித்த வெளிவிவகார அமைச்சருக்கு இலங்கை அழைப்பு அனுப்பியது. மியன்மார் மக்கள் சமூக வலைத்தளங்களில் நம்மைத் திட்டித் தீர்த்தார்கள். 2022 மார்ச்சில் கொழும்பு உச்சி மாநாடும் அந்த அரசைச் சேர்த்துக்கொண்டே நடந்தது. 2025 ஏப்ரலில், நிலநடுக்கம் மியன்மாரைப் புரட்டிப்போட்ட ஒரே வாரத்தில், பாங்கொக் மாநாட்டில் மின் ஆங் ஹ்லைங்கே நேரில் வந்து உட்கார்ந்தார். ஆசியான் மூடிய கதவை பிம்ஸ்டெக் திறந்துவிட்டது. தாய்லாந்து இரண்டிலும் அங்கத்துவ நாடு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அரசுகள் சேர்ந்து பேசும்போது யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர்களை வெளியே நிறுத்திவிட்டுப் பேசினால் என்ன ஆகும் என்பது மலையகத்துக்குத் தெரியும். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிகளை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம். லயத்தில் இருந்த யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் எதிர்த்தார், ஆனாலும் ஒப்பந்தம் நிலைத்தது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று பிரிந்து கோச்சி ஏறிய கதைகள் இன்னும் நம்மிடையே உயிரோடு இருக்கின்றன. அதே 1960களில்தான் மியன்மாரில், அன்றைய பர்மாவில், நே வினின் இராணுவ அரசு கடைகளைப் பறிக்க, இந்திய வம்சாவளியினர் இலட்சக்கணக்கில் ரங்கூனிலிருந்து கப்பலேறினார்கள். அவர்களில் தமிழர் ஏராளம். சென்னையின் பர்மா பஜார் அப்படி வந்தவர்கள் போட்ட கடைத்தெரு.

அந்த நாட்டின் 1982ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் ரோஹிங்கியாக்களுக்குச் செய்தது, 1948 நமக்குச் செய்ததைத்தான். நமக்கு வாக்கு பறிபோனாலும் தொழிற்சங்கம் என்ற ஓரளவு இடமாவது மிஞ்சியிருந்தது. 2003 சட்டம் வரை இழுத்தாலும் மீண்டோம். அவர்களுக்கு அதுவும் இல்லை. 2017இல் ஊரையே எரித்து விரட்டினார்கள். 2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கரையில் ஒதுங்கிய படகில் குழந்தைகளோடு நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் இருந்தார்கள். மீனவர்கள் சோறும் தண்ணீரும் கொடுத்தார்கள். அரசோ அவர்களை முல்லைத்தீவு விமானப்படை முகாமில் வைத்துவிட்டு, திருப்பி அனுப்புவது பற்றிப் பேசத் தொடங்கியது. யாரிடம் திருப்பி அனுப்புவது? விரட்டிய இராணுவத்திடமா?

பிம்ஸ்டெக் தலைமை பாங்கொக்கிலிருந்து டாக்காவுக்குப் போயிருக்கிறது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்களை வைத்துப் பராமரிக்கும் நாடு வங்காளதேசம். இந்த ஏழு நாடுகளில் நேபிடோவிடம் கணக்குக் கேட்க அதற்கு இருக்கும் உரிமை வேறு எவருக்கும் இல்லை. அது கேட்கும் நாளில் கொழும்பு பக்கத்தில் நிற்க வேண்டும். அடுத்த மாநாட்டில் ஜெனரல்களுக்கு நாற்காலி போடுவதா என்ற கேள்விக்கு டில்லி சொல்வதைப் பார்த்துச் சொல்வோம் என்று காத்திருக்கக் கூடாது. அதற்கு முன், முல்லைத்தீவில் இறங்கியவர்களை அந்த ஜெனரல்களிடம் ஒப்படைக்க மாட்டோம் என்று அரசு எழுத்தில் அறிவிக்கட்டும். மலையகத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதைச் சபையில் கேட்கலாம். அவர்களைவிட இதைக் கேட்கத் தகுதியானவர்கள் அந்தச் சபையில் இல்லை.