கடைசி இடம் பெற்ற மாணவன்



தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் பெற்றோர் பலர் மதிப்பெண் பட்டியலோடு ஜெபத்திற்கு வருகிறார்கள். "இவனுக்கு அறிவியல் வராது, ஐயரே" என்று பிள்ளையை அருகில் நிறுத்திக்கொண்டே சொல்லுகிறார்கள். தலை கவிழ்ந்து நிற்கும் அந்தப் பிள்ளையைக் காணும்போதெல்லாம் எனக்கு ஜான் கர்டன் நினைவுக்கு வருகிறார்.

1949இல் அவர் இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் பதினைந்து வயது மாணவர். உயிரியலில் 250 பேரில் கடைசி இடம். அறிவியலாளராகும் அவருடைய எண்ணம் நகைப்பிற்குரியது என்றும், அதற்குச் செலவிடும் காலம் அவருக்கும் கற்பிப்போருக்கும் வீண் என்றும் ஆசிரியர் அறிக்கையில் எழுதினார். சொல்வதைக் கேளாமல் தன் வழியிலேயே செய்கிறான் என்ற குற்றச்சாட்டும் அதில் உண்டு. அதன்பின் அப்பள்ளியில் அவருக்கு அறிவியல் பாடமே இல்லை. லத்தீனும் கிரேக்கமும் படிக்க வைத்தார்கள். அதே சிறுவன் கம்பளிப்புழுக்களை வளர்த்து, அவை அந்துப்பூச்சிகளாவதைக் கவனித்துக்கொண்டிருந்தான். அதற்கு மதிப்பெண் இல்லை.

சார்லஸ் டார்வினுக்கும் இத்தகைய அனுபவம் உண்டு. அண்ணனோடு தோட்டத்துக் கொட்டகையில் வேதியியல் சோதனைகள் செய்ததற்காக, பயனற்றவற்றில் காலம் கழிக்கிறான் என்று தலைமையாசிரியர் பலர் முன்னிலையில் அவரைக் கண்டித்தார். முதிர்வயதில் எழுதிய தன்வரலாற்றிலும் அதை அவர் மறக்கவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஐன்ஸ்டீன் கணிதத்தில் தோற்றவர் என்று மேடைகளில், பிரசங்க மேடைகளிலும்கூட, ஆறுதலாகச் சொல்லப்படுகிறது. அது உண்மையன்று, பதினைந்து வயதிற்குள் அவர் நுண்கணிதம் கற்றிருந்தார். மியூனிக் பள்ளியில் அவர் வெறுத்தது பாடத்தை அல்ல, படைப்பயிற்சி போன்ற மனப்பாட முறையை. பின்பு சுவிட்சர்லாந்தின் ஆராவ் பள்ளியில், கேள்வி கேட்கவும் சுயமாய்ச் சிந்திக்கவும் இடம் கிடைத்தபோது மகிழ்ச்சியோடு படித்தார். ஒளிக்கதிரைத் துரத்திச் சென்றால் என்ன காண்போம் என்ற எண்ணம் அவருக்குப் பதினாறு வயதில் எழுந்தது.

ஆகவே குறைந்த மதிப்பெண்ணை மேதைமையின் அடையாளமாக்க வேண்டாம். எளிய பாடம் வேண்டும் என்றும் நான் வாதாடவில்லை. கடினமான பாடத்தைப் பிள்ளைகள் தாங்குவார்கள். "உனக்கு இது வராது" என்ற தீர்ப்பே அவர்களை முறிக்கிறது. ஈசாயின் வீட்டில் சாமுவேல் தீர்க்கதரிசியே மூத்தவனின் தோற்றத்தைக் கண்டு இவன்தான் என்று எண்ணினாரே. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவனை அழைத்து வரச் சொல்லவும் முதலில் யாருக்கும் தோன்றவில்லை. பதினைந்து வயதில் ஒரு பிள்ளையை அளந்து முடித்துவிட நாம் யார்?

கர்டன் ஆக்ஸ்ஃபோர்டில் விலங்கியலுக்கு மாறினார். தவளையின் தலைப்பிரட்டையினுடைய குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு அழிக்கப்பட்ட முட்டையில் வைத்தார். அதிலிருந்து தவளை வளர்ந்தது. குடலாகவே நிலைத்துவிட்டதாகக் கருதப்பட்ட செல்லின் உட்கருவிலிருந்து முழு உயிரும் மறுபடியும் தொடங்க முடியும் என்று 1962இல் வெளியான அவருடைய ஆய்வு காட்டியது. 2012இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் பழைய அறிக்கையை அவர் சட்டமிட்டுத் தம் மேசைக்கு மேல் மாட்டியிருந்தார். சோதனை தோற்றுப்போகும் நாட்களில் அதைப் பார்த்து, ஒருவேளை ஆசிரியர் சொன்னது சரிதானோ என்று எண்ணிக்கொள்வாராம்.