குளவி போட்ட அட்டை

சினிமாவோ தொலைக்காட்சித் தொடரோ வந்துவிட்டால் அகதா கிறிஸ்டி நாவல்களின் அட்டையில் நடிகர்கள் ஏறிக்கொள்கிறார்கள். விற்பனைக்கு நல்லதுதான், எனக்குத்தான் ஆகவில்லை. லண்டனில் நான் குடியிருக்கும் பக்கம் சாரிட்டி கடைகளுக்குப் பஞ்சமில்லை. பழைய கோட்டுகளையும் தேநீர்க் கோப்பைகளையும் தாண்டிப் பின்சுவர் அலமாரிக்குப் போனால், அறுபது, எழுபதுகளின் ஃபாண்டானா பேப்பர்பேக்குகள் ஒன்றிரண்டு பவுண்டுக்கு அகப்படும். அவற்றில் நான் தேடுவது டாம் ஆடம்ஸ் வரைந்த அட்டைகளை.

அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து கிறிஸ்டிக்கு அட்டை வரைந்தவர் ஆடம்ஸ். கதையைக் கூர்ந்து படித்துவிட்டு வரைந்தவர் என்பது படத்திலேயே தெரியும். ‘டெத் இன் த கிளவுட்ஸ்’ அட்டையில் விமானத்தைவிடப் பெரிதாக ஒரு குளவி. ஏதோ ராட்சதப் பூச்சிக் கதை என்று நினைத்து அதை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களும் இருப்பார்கள். 1935-இல் வந்த அந்த நாவலில், பாரிஸிலிருந்து குராய்டனுக்குப் பறக்கும் விமானத்தில், வட்டிக்கு விடும் பெண்ணொருத்தி இருக்கையிலேயே செத்துக் கிடக்கிறாள். உள்ளே குளவி ஒன்று பறந்திருக்கிறது. கழுத்தில் கொட்டியது போல ஒரு தடம். குளவிதான் காரணம் என்று பேச்சு எழுகிறது. தரையில் கிடக்கும், ஆரஞ்சும் கறுப்புமான விஷமுள் துப்பறிவாளர் புவாரோவின் கண்ணில் படும்வரை.

ஆக, ஆடம்ஸ் நம் மூக்குக்கு நேரே நீட்டுவது கதையில் உள்ள பொருளைத்தான். நம்மைத் திசைதிருப்பும் பொருளும் அதுவே. கிறிஸ்டியின் வித்தையும் இதுதானே? எல்லாவற்றையும் எதிரிலேயே வைத்துவிட்டு நம்மை வேறு பக்கம் பார்க்க வைப்பார். அவருடைய எழுத்தைப் பற்றி நான் படித்த பல கட்டுரைகளைவிட அந்தக் குளவி தெளிவாகப் பேசுகிறது.

படமே வேண்டாம் என்ற கட்சியும் உண்டு. 1935 ஜூலையில் ஆலன் லேன் ஆறு பென்னி விலையில் பெங்குவின் வரிசையைத் தொடங்கியபோது, முதல் பத்தில் கிறிஸ்டியின் முதல் நாவலும் இருந்தது. கிறிஸ்டி வீட்டுக்குப் போய்த் திரும்புகையில் எக்ஸிட்டர் ரயில் நிலையத்தில் படிக்க உருப்படியாக ஒன்றும் கிடைக்காததால்தான் லேனுக்கு அந்த யோசனையே வந்தது என்பார்கள். துப்பறியும் கதைக்குப் பச்சை அட்டை, வெறும் எழுத்து. 1948-இல் கிறிஸ்டியின் பத்து நாவல்களைத் தலா ஒரு லட்சம் பிரதிகள் போட்டார்கள். அதற்கும் படம் தேவைப்படவில்லை. அந்தப் பச்சையிடம் எனக்கு மரியாதை உண்டு. அது எதையும் சொல்லாது, அதனால் எதையும் கெடுக்காது. நடிகரின் முகமோ, என் புவாரோ எப்படி இருப்பார் என்று நான் நினைத்துப் பார்க்கும் முன்பே முடிவு கட்டிவிடுகிறது.

மறுபதிப்புப் போடுகிறவர்கள் உள்ளே ஒரு பக்கத்திலாவது ஆடம்ஸின் ஓவியத்தை அவர் பெயரோடு அச்சிடலாம். 2019-இல் அவர் காலமாகிவிட்டார். இனி அவருக்காகக் கேட்க வாசகர்களை விட்டால் ஆளில்லை.

சேகரிப்பாளர்கள் கேட்க மாட்டார்கள். அவர்கள் கவலை வேறு: புத்தகத்தின் முதுகில் மடிப்பு விழுந்தால் விலை இறங்கிவிடுமாம். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பூட்டி வைக்கிறார்கள். அப்படி வைத்தாலும் காகிதம் பழுப்பேறத்தான் செய்கிறது. இரண்டு பவுண்டு கொடுத்து வாங்கி, மடக்கி, ரயிலில் படியுங்கள். ஒரே எச்சரிக்கை: இவற்றில் பசை காய்ந்து ஏடுகள் கழன்று வரும். கடைசி அத்தியாயம் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்கிற சாக்கில் படித்துவிடாதீர்கள்.