பிரஜையின் பெட்டியும் சர்க்காரின் சாவியும்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் பிரயாணம் செய்யும் வாலிபர் பலர், இன்று தம் பணப்பெட்டியைச் செல்போனிலேயே சுமந்து செல்கின்றனர். சானடோரியத்து ஏற்றுமதி வளாகத்திலும் பெருங்குடி, சோழிங்கநல்லூர் கம்பெனிகளிலும் ஈட்டிய பணத்தில் ஒரு பங்கைக் கிரிப்டோ நாணயத்தில் இடுவோர் அவர்களுள் உண்டு. அது விவேகமா, சூதா என்பது வேறு விசாரணை. அப்பெட்டியின் சாவி யாரிடம் இருத்தல் வேண்டும் என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

சர்க்கார் பக்கத்து நியாயத்தை நாம் மறுக்கவில்லை. இந்நாணயத்தைக் காட்டி எளியோரின் சேமிப்பைச் சுருட்டும் மோசக்காரர் இருக்கின்றனர். பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ ஒரு குடும்பத்தின் பணம் பறிபோனால், அது சென்ற தடத்தைப் போலீஸார் காண வேண்டாமா? லாபம் பெற்றவன் வரி செலுத்த வேண்டாமா? 2022-ம் வருஷத்து நிதிச் சட்டம் லாபத்தில் நூற்றுக்கு 30 வரியும், விற்பனைத் தொகையில் நூற்றுக்கு 1 பிடித்தமும் விதித்தது. 2023 மார்ச் 7-ந் தேதி அறிவிப்பினால் எக்ஸ்சேஞ்சுகள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வந்தன. வாடிக்கைக்காரரின் அடையாளத்தையும் கணக்கையும் ஐந்து வருஷம் காத்து, சந்தேகத்துக்குரியவற்றைச் சர்க்காருக்குத் தெரிவிப்பது அவற்றின் கடமை.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பிட்காயின் போன்றவற்றின் பேரேடு உலகமறியத் திறந்து கிடப்பது. அதில் பெயர் இராது. எண்ணும் எழுத்துமே இருக்கும். அவ்வெண் இன்னாருடையது என்று ஒருமுறை வெளிப்பட்டுவிட்டால், அதன் வழி அவர் என்றோ கொடுத்ததும் இனிக் கொடுக்கப் போவதும் வெட்டவெளிச்சமாகும். எந்த இயக்கத்துக்கு நன்கொடை, எந்த நண்பருக்குக் கடன் என்பன யாவும் அதில் அடங்கும்.

அந்தரங்கம் பிரஜையின் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். ஆனால் நடப்பதென்ன? 2026 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அமலாக விதிக்கப்பட்ட 2025-ம் வருஷத்து வருமான வரிச் சட்டம், சோதனை நடத்தும் அதிகாரி ஒருவரது மின்னஞ்சலையும் முதலீட்டுக் கணக்கையும் கடவுச் சொல்லை மீறித் திறக்க இடமளிக்கிறது. நீதிபதியின் உத்தரவு அதற்கு வேண்டியதில்லை! கடிதங்களைத் தடுத்துப் பிரிக்க அந்நிய ஆட்சி 1898-ல் தபால் சட்டம் செய்துகொண்டது. அதனை நீக்கி 2023-ல் நாமே இயற்றிய சட்டத்திலும் அவ்வதிகாரம் நிலைத்திருக்கிறது. அந்நியன் விட்டுச்சென்ற சாவியை நாம் கடலில் எறியவில்லை; கொத்தில் மேலும் சாவிகளைக் கோத்துக்கொண்டோம்.

கிரிப்டோ நாணயம் ஒருவகை உடைமையே என்று சென்னை ஹைகோர்ட் 2025 அக்டோபரில் கூறிற்று. உடைமையாயின், வரி வாங்கும் சர்க்காருக்கு அதைக் காக்கும் கடமையும் உண்டன்றோ? இதற்கென்று ஒரு மசோதா 2021 குளிர்காலக் கூட்டத்தொடரின் பட்டியலில் இடம்பெற்றும் சபையில் வைக்கப்படவேயில்லை. பிரஜையின் விவரங்கள் கசிந்தாலோ, 2023-ம் வருஷத்துத் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். அத்தொகை முழுதும் கஜானாவைச் சேரும். நஷ்டப்பட்டவனுக்கு அதிலிருந்து ஒரு காசும் இல்லை.

ஆகவே நாம் கோருவன நான்கு. பார்லிமெண்டு விவாதித்து இயற்றும் தனிச் சட்டம் வேண்டும். தனி மனிதர் கணக்கைத் திறக்க நீதிபதியின் உத்தரவு வேண்டும். காலங்கடந்த விவரங்களை அழித்தல் வேண்டும். கசிவினால் நஷ்டமடைந்தவருக்கு ஈடு வேண்டும். திருடனைப் பிடிக்க இவற்றில் எதுவும் தடையாகாது.

ஸ்ரீபெரும்புதூர், தென்சென்னைத் தொகுதிகளின் அங்கத்தினரிடம் நம் வாசகர்கள் இவற்றை எழுத்து மூலம் கேட்பார்களாக. தெருவுக்குக் காவலன் அவசியமே. அவன் நம் வீட்டுக் கதவைத் திறக்குமுன் நீதிபதியின் கையெழுத்தைக் காட்டட்டும்.